எட்டாவது காரணம்

தலைமையாசிரியர் அந்தத் தாளைத் திருப்பி, தனலெட்சுமியின் பக்கம் தள்ளினார்.

எல்லாம் மலாயில் அச்சாகியிருந்தது. அடியில் மட்டும் பேனாவால் தமிழில் நான்கு வரி. மகள் சந்திரகலாவின் கையெழுத்து.

தலைமையாசிரியருக்குத் தமிழ் தெரியாது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த மீனலோசனிக்குத் தெரியும். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் வளர்ந்த யாழ்ப்பாணத்துக் குடும்பப் பெண். பதினைந்து வயதுப் பிள்ளைகள் எதற்காகக் குடிக்கிறார்கள், எதற்காகப் பசை முகர்கிறார்கள் என்று கணக்கெடுக்க, எண்பத்தாறாம் ஆண்டில் பல்கலைக்கழகம் அவளைக் கிள்ளான் பக்கத்துப் பள்ளிகளுக்கு அனுப்பியிருந்தது.

பேர் எழுத வேண்டாம் என்றுதான் அவள் பிள்ளைகளிடம் சொல்லியிருந்தாள். வகுப்பாசிரியர் இருக்கை வரிசைப்படி தாள்களை அடுக்கித் தலைமையாசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். எது யாருடையது என்று விரல்விட்டு எண்ணினாலே தெரிந்துபோயிற்று. தனலெட்சுமி வந்ததிலிருந்து மீனலோசனி அதற்கு மூன்று முறை மன்னிப்புக் கேட்டுவிட்டாள்.

என்ன குடிக்கிறாய்? சம்சு, மலிவுச் சாராயம்.

வாரத்தில் எத்தனை நாள்? ஐந்து.

எதற்காக? கூட்டாளிகளுக்காக, கவலையை மறக்க, பயம் தெளிய, விளையாட்டுக்கு என்று ஏழு காரணங்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். கலா ஏழையும் தொடவில்லை. எட்டாவதாக விட்டிருந்த வெற்றுக் கோட்டில்தான் அந்த நான்கு வரிகளையும் நெருக்கி எழுதியிருந்தாள்.

மேசையில் இன்னொரு தாளும் இருந்தது. சிரம்பானில் தங்கிப் படிக்கும் பள்ளியில் கலாவைச் சேர்க்கச் சொல்லும் கடிதம். மூன்றாம் படிவத்தில் முதல் மாணவி அவள். இன்னும் கையெழுத்து ஆகவில்லை. தலைமையாசிரியர் மோசமான மனிதர் இல்லை. சொல்லும்படியான காரணம் ஏதாவது இருந்தால் இப்போதே போட்டுவிடுகிறேன் என்றார்.

“நீங்களே வாசியுங்கோ அம்மா,” என்றாள் மீனலோசனி. “நீங்கள் என்ன சொல்லுறீங்களோ, அதைத்தான் நான் அவருக்குச் சொல்லுவன்.”

தனலெட்சுமி எழுத்துக்கூட்டிப் படித்தாள். தோட்டப் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு நின்ற படிப்பு. முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

தன்னை அறியாமல் அவள் உள்ளங்கை அந்த வரிகளின் மேல் போய்ப் படிந்தது.

புருஷன் ரெங்கசாமி துறைமுகத்தில் வேலை முடிந்து நேராக வந்திருந்தான். அவன் பள்ளிக்கூடமே போனதில்லை. ஐந்து நாள் என்று தலைமையாசிரியர் சொன்னபோது தனலெட்சுமிக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவன் மட்டும் அசையாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவமானத்தில் அப்படி இருக்கிறான் என்று அப்போது நினைத்துக்கொண்டாள்.

“என்னா போட்டிருக்கு?” என்று கேட்டான்.

சொல்லிவிடலாம். சொன்னால் கடிதத்தில் கையெழுத்து விழும். அதற்குப் பிறகு அவனோடு வீட்டுக்குப் போக வேண்டும்.

மீனலோசனி கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சும்மா, வெளையாட்டுக்குக் குடிச்சேன்னு எழுதியிருக்கா மிஸ்.”

மீனலோசனி தலைமையாசிரியரிடம் திரும்பி, மலாயில் “சுக்கா-சுக்கா,” என்றாள். விளையாட்டுக்குத்தானாம். தாளின் ஓரத்துக் கட்டத்தில், அந்தக் காரணத்தின் எண்ணான நான்கைப் பென்சிலால் போட்டாள்.

தலைமையாசிரியர் பெருமூச்சுவிட்டு, கடிதத்தை மேசை இழுப்பறைக்குள் வைத்து மூடினார்.

அது பிறகு வெளியே வரவேயில்லை. ஒன்றரை வருடத்தில் கலா ஷா ஆலாமில் ஒரு ரேடியோ தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனாள். விடிவதற்குள் பஸ் ஏறுவாள். ஒருநாள்கூட அம்மாவைக் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று தனலெட்சுமி எத்தனையோ நாள் நினைத்ததுண்டு. வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டோமே என்பது அவளுக்குக் கடைசிவரை ஆறவில்லை.

அன்றைக்கு வெளியே வந்ததும் ரெங்கசாமி மோட்டார் சைக்கிளை எடுக்க முன்னால் போய்விட்டான். தனலெட்சுமி வராந்தாவிலேயே நின்றாள். நான்கு வரிகளும் கண்முன் அப்படியே இருந்தன.

‘அப்பாவோட சம்சுல பாதிய அம்மா கொட்டிட்டு, தண்ணி ஊத்தி வைப்பாங்க. கண்டுபிடிச்சா அப்பா அம்மாவ அடிப்பாரு, என்னை அடிக்க மாட்டாரு. அதனால நான்தான் குடிக்கிறேன்னு அப்பாகிட்ட சொல்லிட்டேன், அம்மாகிட்ட சொல்லாதீங்கன்னும் கெஞ்சிக் கேட்டுக்கிட்டேன். வாயில வாசம் இருந்தாத்தானே நம்புவாரு, அதுக்குத்தான் ஒரு வாய் குடிக்கிறேன்.’

போன வருடம் அவன் அடித்ததில் அவள் மணிக்கட்டு எலும்பு விட்டுப்போயிருந்தது. அதற்குப் பிறகு எட்டு மாதமாக ஓர் அடி இல்லை. தண்ணீர் கலந்தது அவனுக்குத் தெரியவில்லை என்றே நம்பியிருந்தாள். மனுஷனுக்கு வயதாகி, புத்தி வந்துவிட்டது என்று பக்கத்து வீட்டு சீதாலெட்சுமியிடம்கூடச் சொல்லிச் சந்தோஷப்பட்டிருந்தாள்.

தூணுக்குப் பின்னால் காத்துக்கொண்டிருந்த கலா ஓடிவந்தாள். கடிதத்தைப் பற்றி அவள் கேட்கவில்லை.

“என்னம்மா சொன்னீங்க?”

“வெளையாட்டுக்குன்னு.”

கலா வாசல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“அப்பா நம்பிட்டாராம்மா?”

தனலெட்சுமி ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

பிள்ளையின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.