குருட்டாம்போக்கில் விழுந்த பல்லி

"எந்திரிடா கலியாணசுந்தரம், போலாம்! பொண்ணு பாக்க வந்த எடத்துல தலையில பல்லி விழுந்துக்குது. இதுக்கு மேல என்ன சகுனம் வேணும்?"

அவன் அம்மா வடிவாம்பாள் கேசரித் தட்டைக் கீழே வைத்துவிட்டாள். பெண்ணின் அப்பா நமச்சிவாயம் பதறிப்போய் அண்ணாந்து பார்த்தார். ஒரு பல்லி உத்தரத்துக்குப் பின்னால் ஓடி ஒளிந்தது.

கலியாணசுந்தரத்துக்கு எழ மனமில்லை. ஆரணிக்குத் தபாலில் வந்த கமலவேணியின் போட்டோவைப் பார்த்த அன்றே, கட்டினால் இவளைத்தான் என்று முடிவு கட்டியிருந்தான். காஞ்சிபுரம் வந்தும் அவள் இன்னும் கூடத்துக்கு வரவில்லை. அதற்குள் உச்சந்தலையில் ஏதோ மெத்தென்று பட்டு நழுவியது. அம்மா 'பல்லி!' என்று அலறிவிட்டாள்.

கணக்கு லெக்சரருக்குக் கணக்கை விட்டால் வேறு ஆயுதம் ஏது?

"அம்மா, இந்த ஆகாச வெளிக்கு முடிவே கெடையாது. அதுல குருட்டாம்போக்குல ஒரு பொருள் விழுந்தா, என் தலைங்கற இத்துனூண்டு எடத்துல விழற வாய்ப்பு பூஜ்யம்மா!"

"பூஜ்யம்னா எப்படிடா விழுந்துச்சு?"

"எங்கனா விழுந்துதானே ஆகணும்? எந்த எடத்தை எடுத்துக்கினாலும் பூஜ்யந்தான். அதனால இதுக்கு அர்த்தமே இல்ல."

"அத்தினி எடத்தையும் உட்டுட்டு உன் தலையைத் தேடி வந்துக்குது, அர்த்தம் இல்லையாம்! தலையில விழுந்தா கலகம்னு பஞ்சாங்கத்துலயே போட்டுக்குது. எந்திரிடா!"

அவன் அழாத குறையாக எழுந்தான்.

அப்போது மச்சுப் படியிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"அப்பா, வரதராஜர் கோயில் பொன் பல்லியைத் தொட்டா தோஷம் போயிடுமே! அது இருக்கற ஊர்ல பல்லிக்குப் பயப்படலாமா?"

வடிவாம்பாள் யோசித்தாள். "அதுவும் சரிதான். பொண்ணுக்குப் புத்தி இருக்குது."

அடுத்த அரை மணியில் இரண்டு ஜட்கா வண்டிகள் கோயில் வாசலில் நின்றன. கலியாணசுந்தரம் படியேறி, மேற்கூரையிலிருந்த பொன் பல்லியை ஆசை தீரத் தடவினான். அம்மாவின் முகம் மலர்ந்தது.

"தோஷம் போச்சு! வூட்டுக்குப் போனதும் தட்டு மாத்திக்கலாங்க" என்றாள் நமச்சிவாயத்திடம்.

அவனுக்குத் தலைகால் புரியவில்லை. பெரியவர்கள் முன்னால் நடக்க, முதல் முறையாகக் கமலவேணியிடம் பேசினான்.

"பாத்தீங்களா, கணக்கே தோத்துப்போச்சு. பூஜ்யம்னு சொன்ன எடத்துல வந்து விழுந்துச்சே அந்தப் பல்லி!"

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"பல்லியா? வந்ததுல இருந்து குனிஞ்ச தலை நிமிராம உக்காந்துக்கினு இருந்தீங்க, உங்க மூஞ்சியை நான் பாக்க வேணாமா? மச்சுல இருந்து நான்தாங்க நூல் உருண்டையை வீசுனேன். மொத மூணு தப்பிப்போச்சு, நாலாவதுதான் தலையில விழுந்துச்சு!"