பிறக்காத எலியின் காய்ச்சல்

"உது சிவக்கேல்லை எண்டால் சந்தோசப்படோணும், சுபா. அழற்சி இல்லை எண்டுதானே அர்த்தம்."

"இந்தக் குழியளுக்கை நான் முடக்கொத்தான் சாறே விடேல்லை, மிஸ்."

மிரியம் பேனையை வைத்துவிட்டுத் தட்டைக் கையில் எடுத்தாள். உள்ளங்கையளவு பிளாஸ்ரிக் தட்டு. அதில் தொண்ணூற்றாறு சிறு குழிகள். சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

ஒரே ஒரு வரிசை இளஞ்சிவப்பாக இருந்தது. மற்றதெல்லாம் தெளிந்த நீர்.

அவளுடைய ஆய்வுகூடத்தில் நடக்கும் வேலை எளிமையானது. குழிகளில் எலியின் உயிரணுக்களை வளர்ப்பார்கள். அவற்றின்மேல் இன்ரபெரோன் என்ற புரதத்தை விடுவார்கள். உயிரணுக்கள் அழற்சி கொள்ளும். மறுநாள் ஊற்றும் சோதனைத் திரவம் சிவக்கும். கூடவே முடக்கொத்தான் என்ற மூலிகையின் சாற்றையும் விட்டபோது சிவக்கவில்லை. அதுதான் கண்டுபிடிப்பு.

அதைக் கண்ட அன்று மிரியம் கேக் வாங்கிவந்தாள். மாணவி சுபாஜினி மட்டும் பல்வலி என்று சாப்பிடவில்லை.

அந்தப் புரதம் எலியினுடையது. என்றாலும் எந்த எலியும் அதைச் சுரக்கவில்லை. எலியின் மரபணுத் துண்டொன்றைப் பக்ரீறியாவுக்குள் வைத்து, பக்ரீறியாவைக் கொண்டு செய்வித்தது. ஒருபோதும் பிறக்காத எலியின் காய்ச்சல் என்று சுபாஜினி அதை மனதுக்குள் அழைப்பாள். கொழும்பிலிருந்து ஐஸ்பெட்டியில் வரும் குப்பிக்குள் கண்ணுக்கே தெரியாத அளவு தூள் இருக்கும்.

ஒவ்வொரு குப்பியிலும் முதலில் புரதத்தை மட்டும் விட்டுச் சிவக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதல் குப்பியில் பார்த்தார்கள். இரண்டாவதில் பார்க்கவில்லை. அடுத்தது வர மாதக்கணக்காகும் என்று மிச்சம் பிடித்தார்கள். சாறு விட்டுச் சோதித்ததெல்லாம் அந்த இரண்டாவது குப்பியைக் கொண்டுதான்.

சுபாஜினி இப்போது பார்த்துவிட்டாள். சிவந்த வரிசை, முதல் குப்பியில் எஞ்சியிருந்த சொட்டுகள். சிவக்காதவை இரண்டாவது.

"அப்ப ரெண்டாவது குப்பிக்குள்ளை என்னதான் இருந்தது?"

"தண்ணி, மிஸ்."

மிரியம் சிரித்தாள். "நாலு மாசமாத் தண்ணிக்கு வைத்தியம் பாத்திருக்கிறம்."

பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

இந்தக் கண்டுபிடிப்பைப் பற்றிய கட்டுரை மாலை ஐந்து மணிக்குள் ஆய்விதழுக்குப் போக வேண்டும். அதை நம்பித்தான் ஒஸ்லோவில் சுபாஜினிக்கு ஆய்வுப்படிப்புக்கு இடம் கொடுத்திருந்தார்கள்.

"அப்பா இப்பவே குளிருக்குக் கோட்டு வாங்கி வைச்சிட்டார் எண்டு நீர்தானே சொன்னனீர்?"

"ஓம். மார்கழியிலை தோட்டத்துக்குப் போட்டுக்கொண்டு போவார்."

"பகிடி விடாதையும். இந்தத் தட்டை நான் காணேல்லை. நீரும் காணேல்லை. பின்னேரம் அனுப்புவம். பிறகு ஆறுதலாத் திருப்பிச் செய்வம்."

"ஏலாது, மிஸ்."

இந்த அறையில் அவள் அந்தச் சொல்லைச் சொன்னதே இல்லை. சொன்ன பிறகு அது அவ்வளவு பாரமாகவும் இல்லை.

மிரியம் சன்னலோரம் போய் நின்றாள். கெட்டவள் இல்லை. வெளிநாட்டில் கிடைத்த வேலையை விட்டுவந்து, பழைய களஞ்சிய அறையைக் கழுவி இந்த ஆய்வுகூடத்தைத் தொடங்கியவள். திரும்பியபோது அவளுடைய குரல் இறங்கியிருந்தது.

"சரி. அனுப்பேல்லை. ஆனா ஒஸ்லோவுக்கு நான் எழுதுறன். குப்பியைத் திறந்தது முந்தி இஞ்சை உதவிக்கு நிண்ட ஜெனிஸ்ரன் எண்டு. அந்தக் கிழமை கரண்ட் இல்லை. சுழற்றாமல் திறந்திருப்பான்."

குப்பியைத் திறக்குமுன் சுழற்றும் பொறியில் ஒரு நிமிடம் வைத்து எடுக்க வேண்டும். மூடியில் ஒட்டியிருக்கும் தூள் அப்போதுதான் அடிக்கு இறங்கும். சுழற்றாமல் திறந்தால் தூள் மூடியோடு போய்விடும். மிஞ்சும் குப்பியில் எவ்வளவு நீர் விட்டுக் கலக்கினாலும் அது நீர்தான். கண்ணால் பார்த்து யாராலும் வித்தியாசம் சொல்ல முடியாது.

"உவன் கிழமைக்கொரு கண்ணாடிக் குழாய் உடைச்சவன். இப்ப ரொறன்ரோவிலை பீற்சா சுடுறான். அவனுக்கு என்ன குறையப்போகுது? உம்மடை பேர் பழுதாகாது. ஒஸ்லோக்காரர் ஒரு வருசம் பொறுப்பினம்."

நல்ல யோசனைதான். எல்லோரும் நம்புவார்கள். ஜெனிஸ்ரனே கேள்விப்பட்டால்கூட, நான்தான் செய்திருப்பேன் என்று நம்பிவிடுவான்.

சுபாஜினி ஆய்வுகூட நாளேட்டை இழுத்து இன்றைய பக்கத்தைத் திறந்தாள். இங்கே யார் என்ன செய்தாலும் அதில் எழுத வேண்டும். எழுதியதன்கீழ் மிரியம் கையெழுத்திட வேண்டும். இட்ட பிறகு ஒரு சொல்லையும் மாற்ற முடியாது.

அவள் நிறுத்தாமல் எழுதினாள், நீண்ட நாள் மனப்பாடம் செய்ததை எழுதுபவள்போல. எதிரே நின்ற மிரியம் எழுத்துகளைத் தலைகீழாகவே வாசித்தாள்.

'பெப்ரவரி 18. மின்சாரம் இல்லை. இரண்டாவது குப்பியைச் சுழற்றாமல், மேசையில் மூன்று முறை தட்டிவிட்டுத் திறந்தேன். மூடியைக் குப்பையில் போட்டேன். அன்றைக்கு இதை எழுதவில்லை. ஜெனிஸ்ரன் அன்று வரவேயில்லை. சுபாஜினி.'

மிரியம் கதிரையை இழுத்து உட்கார்ந்தாள்.

சுபாஜினி நாளேட்டை அவள் பக்கமாகத் திருப்பினாள். பேனையை அந்தப் பக்கத்தின்மேல் வைத்தாள்.

"கீழை ஒரு கையெழுத்து வையுங்கோ, மிஸ்."