ரேடியேட்டருக்குத் தண்ணீர் பாட்டில் செய்த உதவி

இருதயராஜின் பழைய சின்னக் காரில் ரேடியேட்டர் ஒழுகியது. தினமும் காலையில் அவர் பானெட்டைத் திறந்து, டிக்கியில் கிடக்கும் பாட்டில் தண்ணீரை ஊற்றிவிட்டுக் கிளம்புவார்.

"என்னாலதான் இந்த வண்டியே ஓடுது" என்றது பாட்டில்.

"உன்னாலதான் என் ஓட்டை அடைபடாமக் கிடக்கு" என்றது ரேடியேட்டர். "இன்ஜின் உள்ளுக்குள்ள வெந்துக்கிட்டிருக்கு. ஒரே ஒரு நாள் காலியாக் கிட. வண்டி நடுரோட்டுல நிக்கட்டும். அப்பவாவது மெக்கானிக்கிட்ட கொண்டு போவாரு."

பாட்டிலுக்கு மனசு கேட்கவில்லை. இருந்தாலும் மறுநாள் மூடியைத் தளர்த்தி, எல்லாத் தண்ணீரையும் டிக்கியிலேயே கொட்டிவிட்டது. காலி பாட்டிலைப் பார்த்த இருதயராஜ், ஆபீசுக்கு நேரமாகிவிட்டதென்று அப்படியே கிளம்பினார்.

மேம்பாலத்தின் மேல் குபுகுபுவென்று ஆவி கிளம்பி வண்டி நின்றது. பின்னால் ஹாரன்கள் அலறின. அவர் இறங்கி வந்து, ஒழுகும் இடத்தையே உற்றுப் பார்த்தார். ரேடியேட்டருக்கு உயிர் வந்தது.

"சே, கூட ஒரு கேன் தண்ணியும் வச்சிருக்கணும்" என்றார் அவர்.

சாயங்காலம் பாட்டிலுக்குப் பக்கத்தில் பத்து லிட்டர் கேன் ஒன்று வந்து உட்கார்ந்தது.

"கவலைய விடுண்ணே" என்று ரேடியேட்டரைப் பார்த்துக் குரல் கொடுத்தது அது. "அதான் நான் வந்துட்டேன்ல."