பின்சீட்டின் காலடியில் இரண்டு வட்டம்

கிட்டே வாருங்கள், கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். ஒரு காரின் வயிற்றுக்கு அடியில் ஒளிந்து கிடந்த கதை இது. உரக்கச் சொன்னால் கெட்டுப்போகும்.

ஜீவனஹள்ளியில் உத்தமன் டிங்கரிங் கடை வைத்திருக்கிறான். நசுங்கிய கதவை நிமிர்த்துவான். ஓட்டை விழுந்த தகரத்தை வெட்டியெடுத்துப் புதுத் தகரம் பற்றவைப்பான்.

துருவைப் பார்த்தால் மட்டும் அவனால் சும்மா இருக்க முடியாது. எங்கிருந்து வந்தாய் என்று கேட்டே ஆகவேண்டும்.

அன்று காலை டெஸ்மண்டும் அவர் மனைவி டோரீனும் தங்கள் பழைய வெள்ளைக் காரோடு வந்திருந்தார்கள். டெஸ்மண்ட் லேத் ஓட்டி ரிட்டையரானவர். வலது கட்டைவிரலில் பாதியை அந்த லேத்துக்கே கொடுத்துவிட்டு வந்தவர். இப்போது முட்டிவலி. டோரீன்தான் வண்டி ஓட்டுகிறாள்.

வண்டியின் ஆர்.சி. பதிவைப் புதுப்பிக்க வேண்டும். தரை ஓட்டையாக இருந்தால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

உத்தமன் காலடி விரிப்பை உரித்தான்.

வண்டி முழுக்கத் தகரம் கெட்டியாகத்தான் இருந்தது. பின்சீட்டுக்கு முன்னால் மட்டும் துரு. அதுவும் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வட்டம், தோசைக்கல்லை வைத்து எடுத்தது போல.

"இது எப்படி சார்?"

"மழைத் தண்ணி மேன்," என்றார் டெஸ்மண்ட்.

உத்தமன் ஸ்க்ரூடிரைவரால் தட்டிப் பார்த்தான். டங் டங் என்று பேசிக்கொண்டிருந்த தகரம், வட்டத்துக்குள் போனதும் பொதக்கென்று வாயடைத்துப்போனது.

"மழைன்னா அடியிலேர்ந்து தின்னும் சார். இது மேலேர்ந்து தின்னிருக்கு. மழை என்ன, கதவத் தெறந்து பின்னாடி உக்காந்துகினு போச்சா?"

"மழைன்னா மழைதான். நீ டிங்கரா, போலீஸா?"

சொல்லிவிட்டு, டீ வாங்கி வருவதாக எதிர்ப்புற பேக்கரிக்கு நடந்தார்.

அவர் ரோட்டைத் தாண்டும் வரை டோரீன் பொறுத்திருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "மீன் தம்பி."

வெள்ளிக்கிழமைதோறும் ரஸ்ஸல் மார்க்கெட்டில் மீன் வாங்குகிறவள். ஐஸ் போட்டுக் கட்டிய கூடை பின்சீட்டின் காலடியில்தான் வரும்.

உப்பு கலந்த ஐஸ் தண்ணீர். உத்தமனுக்குப் பாதி விளங்கியது.

மீதிப் பாதி குடைந்தது. மார்க்கெட்டிலிருந்து அவர்கள் வீடு பத்து நிமிஷம். ஐஸ் வியர்ப்பதற்குள் வீடு வந்துவிடும். இப்படித் தகரத்தைத் தின்ன வேண்டுமென்றால் கூடை வாராவாரம் ஒரு மணி நேரமாவது சவாரி போயிருக்க வேண்டும். வீட்டில் இருப்பதோ இரண்டே பேர். எதற்கு இரண்டு கூடை?

கேட்டேவிட்டான்.

"ஒண்ணு எங்க வீட்டுக்கு. இன்னொண்ணு ஒரு மணி நேரம் தள்ளி, பொம்மசந்திராவுக்கு. லவினாவுக்கு."

லவினா அவர்களுடைய ஒரே மகள். தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டவள். எனக்கு மகளே இல்லை என்று டெஸ்மண்ட் சொல்லிப் பதினோரு வருஷமாகிறது. அங்கே இரண்டு பேரப்பிள்ளைகள். அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. மீன் வாங்கி, அப்படியே ஜெபக்கூட்டத்துக்கும் போய் வருகிறேன் என்று சொல்லித்தான் டோரீன் வண்டியை எடுக்கிறாள்.

"அவருக்குத் தெரிஞ்சா சாவியப் புடுங்கி வச்சுக்குவாரு. அப்புறம் எம் பிள்ளைய நான் எப்படிப் பாக்குறது? மழைன்னே இருக்கட்டும் தம்பி."

உத்தமன் தலையாட்டினான். ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கினான். கட்டைகளை முட்டுக்கொடுத்துவிட்டு அடியில் நுழைந்தான்.

நுழைந்தவன் அப்படியே கிடந்தான்.

ஓட்டைகள் தெரியவேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் எம்சீல். பைப்பு ஒழுகினால் பிசைந்து அப்புவோமே, அதுதான். அடுக்கின் மேல் அடுக்காக ஏழெட்டு இருக்கும். பழைய அடுக்கு கருத்துப்போயிருந்தது. கடைசி அடுக்கில் இன்னும் தூசிகூடப் படியவில்லை.

கூடை கீழே விழுந்துவிடாமல் யாரோ வருஷக்கணக்காகத் தாங்கிப் பிடித்திருக்கிறார்கள்.

"மேடம், அடியில யாரு அடைச்சது?"

"யாரும் தொட்டதில்லியே. ஞாயித்துக்கிழமையானா அவர்தான் கழுவுவாரு. முட்டி வலியோட கீழ குனிஞ்சு, படுத்து... நான் பக்கத்துல போனாக்கூட வெரட்டுவாரு."

உத்தமன் உளியை வைத்து ஒரு தட்டு தட்டினான். பெயர்ந்து வந்த துண்டை வெளியே நீட்டினான்.

ஈரத்தில் அழுத்திய விரல்கள் அதில் அப்படியே பதிந்திருந்தன. நாலு விரல் நீளமாக. கட்டைவிரல் மட்டும் குட்டையாக, நகமில்லாமல், முனை மழுங்கி.

டோரீன் தன் கட்டைவிரலை அந்தப் பள்ளத்தில் வைத்துப் பார்த்தாள். விரல் முடிவதற்கு முன்பே பள்ளம் முடிந்துவிட்டது.

விரலை எடுக்காமல் நின்றாள்.

டெஸ்மண்ட் மூன்று டீயோடு திரும்பி வந்தார். அவள் கையில் இருப்பதைப் பார்த்தார். பார்க்காதவர் போல ஒரு டீயை அவளிடம் நீட்டினார். வண்டிக்கு வெளியே நீண்டிருந்த உத்தமனின் கால்களைப் பார்த்துத்தான் பேசினார்.

"ஷீட்டு கனமா போடு மேன், ரெண்டு கூடை நிக்கணும். வெள்ளிக்கிழமைக்குள்ள குடுத்துடு."

அவ்வளவுதான், கண்ணுகளா. உங்கள் வீட்டுத் தரை கெட்டியாக இருக்கட்டும். உங்கள் குழம்புச் சட்டி என்றைக்கும் இரண்டு வீட்டுக்குப் போதுகிறபடி நிறைந்திருக்கட்டும்.