வேலியோரத் தேன்பெட்டிகள்

“நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள இந்தப் பெட்டிங்க அத்தனையும் இங்கேயிருந்து போகணும். இல்லேன்னா பஞ்சாயத்து ஆபீஸ்ல புகார் எழுதிக் கொடுத்துடுவேன்!”

வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அண்ணன் போட்ட சத்தத்தில், பூசணிக்கொடிகளுக்கு நடுவே களை எடுத்துக்கொண்டிருந்த தம்பி திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

ஆறு வருஷத்தில் அண்ணன் வாயைத் திறந்து பேசியது இதுதான் முதல் தடவை. அதுவும் தம்பி முகத்தைப் பார்த்து இல்லை. வேலிக்கம்பத்தைப் பார்த்துத்தான் சொன்னார். நிலத்தைப் பாகம் பிரித்த அன்றைக்கு நின்றுபோன பேச்சு.

“எதுக்காம்?” தம்பியும் வேலிக்கம்பத்தையே கேட்டார்.

“தேனீ என் பசுவைக் கொட்டிடுச்சு. நேத்திலேர்ந்து அது தண்ணிகூடக் குடிக்கலை.”

அவ்வளவுதான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

பெட்டிகள் தம்பியுடையவை மட்டும் இல்லை. பூச்சிமருந்து அடிக்காமல் காய்கறி போடும் பதினோரு குடும்பங்கள் சேர்ந்து வாங்கியவை. வயரிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த தம்பி, பயிற்சிக்குப் போய்க் கற்றுக்கொண்டு வந்து அவற்றைப் பராமரிக்கிறார். தேனீ வந்த பிறகுதான் பூசணியும் வெள்ளரியும் பிஞ்சிலேயே வெம்பி உதிர்வது நின்றது. இரண்டு வருஷமாக அந்தப் பதினோரு வீட்டிலிருந்தும் ஒருவர்கூட வேலை தேடி டவுனுக்குப் போகவில்லை.

மறுநாள் காலையில் அந்தப் பதினோரு குடும்பக் குழுவின் செயலாளர் விஷயத்தைக் கையில் எடுத்தார். ஆஸ்பத்திரியில் இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் நர்ஸம்மா. நேராக அண்ணன் வீட்டு மாட்டுக்கொட்டகைக்கே போய்விட்டுத் தம்பி வீட்டுக்கு வந்தார்.

“பசுவை நல்லாப் பார்த்தேன். வீக்கமும் இல்லை, ஒண்ணும் இல்லை. நான் நிக்கும்போதே ஒரு தொட்டித் தண்ணியைக் காலி பண்ணிடுச்சு.”

“அதை அவர்கிட்டயே கேக்க வேண்டியதுதானே?” என்றாள் தம்பியின் மனைவி.

“கேட்டேனே! ‘நீங்க மாட்டு டாக்டரா?’ன்னு திருப்பிக் கேட்டார்.”

“வயித்தெரிச்சல் அக்கா. நாம ரெண்டு வேளை நிம்மதியாச் சாப்பிடறது அவர் கண்ணை உறுத்துது. பொய் சொல்லிக்கிட்டு வந்து மிரட்டறார் பாருங்க! நகர்த்த முடியாதுன்னு சொல்லிடலாங்க.”

தம்பி தலையை ஆட்டினார்.

“வேண்டாம். புகார் கிகார்னு போனா, பெட்டியை மூடி வைக்கச் சொல்லிடுவாங்க. ஆபீஸ்காரங்க வந்து பார்த்து எழுதி முடிக்கறதுக்குள்ள பூவெல்லாம் கொட்டிப் போயிடும். நர்ஸம்மா, உங்க தர்பூசணித் தோட்டம் நாலு கிலோமீட்டர் இருக்குமில்ல? அங்கே கொண்டுபோயிடலாம். பக்கத்துல வெச்சா பழைய இடம் தேடித் திரும்பி வந்துடும்.”

பொழுது சாயும் நேரம். தேனீக்கள் எல்லாம் அடைந்த பிறகு, பன்னிரண்டு பெட்டிகளின் வாசலையும் வலைத்துணியால் அடைத்தார்கள். பதினோரு வீட்டுக்காரர்களும் வந்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு கை பிடித்து, குழந்தையைத் தூக்குவதுபோல அலுங்காமல் வண்டியில் ஏற்றினார்கள். ஏற்றி முடிக்கும்வரை அண்ணன் வேலிக்கு அந்தப் பக்கமே நின்றிருந்தார்.

“கணக்கா எண்ணிப் பார்த்துக்கிட்டு நிக்கறார் பாரு, மனுஷன்!” என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

அடுத்த நாள் காலை, தம்பியும் மனைவியும் தோட்டத்துக்குள் நுழையும்போதே மூக்கில் காட்டமான நெடி ஏறியது.

அண்ணன் வயலைத் தாண்டி, குத்தகைக்காரர் ஒருவர் பருத்தி போட்டிருந்தார். பூவும் காயுமாக நின்றது. டிராக்டரில் பெரிய தொட்டியைக் கட்டி மருந்து அடித்துக்கொண்டு போனார்கள். வரப்பு ஓரமெல்லாம் வண்டும் வண்ணத்துப்பூச்சியும் உதிர்ந்து கிடந்தன.

தம்பி குனிந்து ஒரு வண்டை எடுத்துப் பார்த்தார். அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். பெட்டிகள் இங்கேயே இருந்திருந்தால்? விடிந்ததும் தேனீக்கள் நேராக அந்தப் பருத்திப் பூவுக்குத்தான் போயிருக்கும். ஒன்றுகூடத் திரும்பி வந்திருக்காது.

போன் அடித்தது. நர்ஸம்மா.

“பெட்டியைத் திறந்துவிட்டாச்சு. தர்பூசணிப் பூவுல என்னமா மொய்க்குதுங்க தெரியுமா! வந்து பாருங்க.”

தம்பியின் மனைவி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

“கெடுதல் பண்ணணும்னு நினைச்சார். நமக்கு நல்லதா முடிஞ்சுது. ஏதோ நம்ம நேரம் நல்லா இருக்குங்க.”

அப்போது டிராக்டர் டிரைவர், முகத்தில் கட்டிய துணியை அவிழ்த்தபடி குடிக்கத் தண்ணீர் கேட்டு வந்தார். வேலியோரத்தைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

“பெட்டியெல்லாம் எடுத்தாச்சா? அப்பாடா!”

“பெட்டி இருந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“பக்கத்து வயல் பெரியவர் சொன்னாரே. முந்தாநேத்தே அடிக்க வேண்டியதுங்க இது. நான் மருந்தை இறக்கறதைப் பார்த்துட்டு, டிராக்டருக்குக் குறுக்க வந்து நின்னுட்டார். ‘ரெண்டு நாள் பொறு, அந்தப் பக்கம் தேனீ இருக்கு’ன்னார். நான் என்ன செய்ய முடியும்? குத்தகைக்காரர் வீட்டுக்கே போயி, அரைநாள் உட்கார்ந்து கெஞ்சித்தான் தள்ளிப்போட வெச்சார்.”

தம்பியும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அதை என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?” என்றார் தம்பி.

“நானும் அதைத்தான் கேட்டேன்” என்று டிரைவர் சிரித்தார். “அதுக்கு அவர் என்ன சொன்னார் தெரியுமா? ‘ஆறு வருஷமாப் பேசாதவன் திடீர்னு வந்து நல்லது சொன்னா, இதுல என்ன உள்குத்து இருக்கோன்னு என் தம்பி யோசிச்சுக்கிட்டே உட்கார்ந்திருப்பான். சண்டை போட்டா உடனே நம்பிடுவான்’னார்.”