குனியத் தெரியாதவள்

“மறுபடியும் விளக்குக் கம்பம் மாதிரி நிக்கறியே! முழங்காலை மடக்கிக் குனிம்மா!”

கத்திக் கத்தி டைரக்டர் பிராட்லிக்குத் தொண்டை கட்டிவிட்டது. ராஜகுமாரன் ஒருவன் மேடை ஆட்டக்காரியைக் காதலிக்கும் கதை. ஹாலிவுட்டில் அந்த வருஷம் யாரைக் கேட்டாலும் இதே கதைதான். கதாநாயகி டாட்டி, சின்ன வயதில் அநாதையாகக் கப்பலேறி வந்த அசல் ஆட்டக்காரி. காலைத் தலைக்கு மேல் தூக்கச் சொன்னால் தூக்குவாள். ராஜா முன்னால் குனியச் சொன்னால் மட்டும் இடுப்பு வளையாது.

அரண்மனைப் பழக்கம் சொல்லித்தர நிஜ இளவரசரையே பிடித்து வந்திருந்தார் பிராட்லி. லெஸ்கோவியா நாட்டில் என்றோ நடந்த புரட்சியில் இளவரசர் ஸ்லாவோமிருக்கு மகுடம் போய்விட்டது; மூக்கு மட்டும் இன்னும் ஆகாயத்தில்தான் இருந்தது. அந்த மூக்குக்கே தனிச் சம்பளம் கொடுக்கலாம் என்று பிராட்லி பூரித்துப் போயிருந்தார்.

“இந்தப் பொண்ணு தேறாது. இதெல்லாம் ரத்தத்துல இருக்கணும்” என்றார் இளவரசர்.

“கடைசி வரிசையில ஆடி ஆடி, இப்பத்தான் சார் முன்னால வந்திருக்கேன். இன்னும் ஒரே ஒரு தடவை…” டாட்டியின் குரல் உடைந்தது.

“இளவரசரே சொல்லிட்டாரு. கிளம்பும்மா, நான் வேற ஆள் பாத்துக்கறேன்.”

டாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசல்வரை போனாள். மூடிய கதவுக்கு முன்னால் அப்படியே நின்றாள். தினமும் இதே கூத்துதான், யாராவது திறந்துவிட்டால்தான் நகர்வாள்.

“கதவு திறக்கக்கூடத் தெரியல, இவ ராஜகுமாரனுக்கு ஜோடியா நடிக்கணுமாம்!” என்றார் பிராட்லி. செட்டே சிரித்தது.

இளவரசர் தன்னையறியாமல் விரைந்தார். இடது கையை முதுகுக்குப் பின்னால் மடித்து, வலது கையால் சத்தமே வராமல் கதவைத் திறந்து, இடுப்புவரை குனிந்து நின்றார்.

பிராட்லிக்குப் புல்லரித்தது. “பாத்துக்கோ! ராஜ பரம்பரைன்னா இதுதான்!”

டாட்டி வாசற்படியில் நின்று, குனிந்திருந்த அந்தத் தலையை உற்றுப் பார்த்தாள். அழுத முகம் மெல்ல மலர்ந்தது.

“பாவெல், நீயா? எங்கப்பா அரண்மனையிலயும் எனக்கு நீதானே கதவு திறந்துவிடுவே!”