பேராயரைக் காக்க வைத்த டீன்

டக்... டக்... டக்...

புதிய பேராயர் ரோசலிண்ட் வெளியே நின்று, தன் கோலால் பேராலயத்தின் பெரிய கதவைத் தட்டினார்.

மறைமாவட்டம் முழுக்கப் பேராயரின் ஆட்சிதான். ஆனால் பேராலயத்துக்குள் அதன் தலைமைக் குருவான டீன்தான் எஜமான். பதவியேற்கிற நாளில் பேராயரே ஆனாலும் கதவைத் தட்ட வேண்டும். டீன் திறந்தால்தான் உள்ளே வரலாம். காலங்காலமாக அப்படித்தான்.

கதவைத் திறக்க நடந்த டீன் பெல்லோ, முன்வரிசையருகே நின்றுவிட்டார்.

அங்கே உட்கார்ந்திருந்தவர் பேராயரின் வயதான தாயார். டீன் குனிந்து அவரிடம் ஏதோ பேசினார். தன் பொன்சரிகை மேலங்கியைக் கழற்றி அவர் மடியில் போர்த்தினார். பிறகு அங்கேயே முழங்காலிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

மறுபடியும் டக், டக்.

"இப்ப என்னடி இவருக்கு ஜெபம்?" பின்வரிசையில் ஐவி கிசுகிசுத்தாள். "வெளியே மழை ஊத்துது!"

"எல்லாம் வயித்தெரிச்சல்தான்," என்றாள் பக்கத்திலிருந்த டாப்னி. "பேராயர் பதவி தனக்குத்தான்னு இருந்தார். ஒரு பொம்பளைக்குப் போயிடுச்சே!"

"அதுக்காக? மகளை மழையில நிறுத்திட்டு, அம்மாவைக் காக்கா பிடிக்கிறாரே!"

ஒருவழியாக டீன் எழுந்து போய்க் கதவைத் திறந்தார். பேராயர் தொப்பலாக நனைந்திருந்தார்.

"உள்ளே விட இப்பதான் மனசு வந்துச்சா, டீன்?" தாழ்ந்த குரல்தான், ஆனால் சுட்டது.

"மன்னிக்கணும், பேராயரம்மா. தப்பு என்னோடதுதான்."

டீன் ஒதுங்கி வழிவிட்டார். முதல் நாளே இப்படியா? இந்த மனிதரோடு எப்படிக் காலம் தள்ளப் போகிறேன் என்று நினைத்தபடியே பேராயர் உள்ளே நடந்தார். முன்வரிசைக்கு வந்ததும் குனிந்து தாயாரை முத்தமிட்டார்.

"அவர் மேல கோபப்படாதே, ரோஸ்," தாயார் காதோரமாகச் சொன்னார். "என்னால அடக்க முடியலடி. உட்கார்ந்த இடத்துலயே போயிடுச்சு. இத்தனை பேர் முன்னாடி உன் மானத்தை வாங்கிட்டேனேன்னு அழுதுட்டேன்."

பேராயர் பதறிப்போய்க் கீழே பார்த்தார். தரையில் ஒன்றுமே இல்லை.

"ஜெபம் பண்ற மாதிரி முட்டிபோட்டு, அவரே தன் கைக்குட்டையால துடைச்சார். யாரு கண்ணுலயும் படல."

அப்பாடா! பேராயருக்கு நெஞ்சிலிருந்து பெரிய பாரம் இறங்கியது. இவரோடு எத்தனை வருஷமும் ஓட்டிவிடலாம்.

"ஐயோ, என் பொண்ணு வெளியே நனையறாளேன்னேன். அதுக்கு என்ன சொன்னார் தெரியுமா?" தாயாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "'மழையில நனைஞ்சவங்களைப் பார்த்து யாரும் சிரிக்க மாட்டாங்கம்மா. உங்க பொண்ணு கொஞ்சம் நனையட்டும்'னார்!"